போறன் என்று பாடாத சித்தி

"இந்த இடத்தில் ஏன் தாமதிக்கிறீர்கள்? தாளில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று பாடகி கேட்டாள். போன சனிக்கிழமை, சுவிஸில், பாசல் நகரத்தில் எங்கள் தேவாலயத்துச் சபை மண்டபத்தில், ஒத்திகையின் முதற்சுற்று அப்போதுதான் முடிந்திருந்தது. அவள் பெர்ன் பக்கத்துப் பெண், இளம் வயது, நல்ல குரல், அதைவிட நல்ல பழக்கவழக்கம். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. பியானோவின் மேலிருந்த என் பிரதியை எட்டிப் பார்த்தாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. அச்சில் அங்கே தாமதிக்கச் சொல்லி எந்தக் குறியும் இல்லை. ஆனால் அச்சுக்குக் கீழே பென்சிலால் ஏதோ எழுதி, அழித்து, அழித்ததன்மேல் வேறேதோ எழுதியிருந்தது. அழுத்தித் தேய்த்ததில் தாளே மெலிந்து, மறுபக்கத்துச் சுரங்கள் மங்கலாகத் தெரிந்தன. "இது என்ன மொழி?" என்றாள். "தமிழ்" என்றேன். "மன்னியுங்கள், பழக்கதோஷம். அடுத்த சுற்றில் கவனிக்கிறேன்." எங்கள் செலோக்காரர், வயதானவர், குனிந்து தன் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார். தேநீருக்குப் பத்து நிமிடம் விட்டோம். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பென்சில் எழுத்து என் சித்தியுடையது. அம்மாவின் தங்கை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, எங்கள் வீட்டில் என் அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டவர். அம்மாவும் அப்பாவும் உணவக வேலையில் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்ததால், எனக்குத் தலையிழுத்துப் பின்னி விட்டதும் சித்திதான், பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகக் குறுக்குவிசாரணை செய்ததும் சித்திதான். ஒரு மருந்துக் கம்பனியில் துப்பரவு வேலை. முதல் ட்ராமில் போய், ஆய்வுகூடங்களின் நீண்ட நடைவழிகளைத் துடைத்துவிட்டு மத்தியானம் திரும்புவார். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தின் பாடகர் குழுவில் பாடியவர். ஆனால் ஐந்து கோட்டில் எழுதிய சுரம் அவருக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். டோ ரே மீயின் முதலெழுத்துகளை வரிசையாக எழுதிவைத்துப் பாடுவதற்கு மிஷன்காரர் பழக்கியிருந்தார்கள், அதுதான் வரும். புதுப் பாட்டு எது வந்தாலும் தாளை என்னிடம் நீட்டி, "இதை மனுசர் வாசிக்கிற மாதிரி எழுதித் தா" என்பார். தடித்த, தாழ்ந்த குரல். இங்குள்ள தேவாலயப் பாடகர் குழுவில் உயரமான சுவிஸ்காரருக்கு நடுவே நிற்கும்போது ஆளைத் தெரியாது, குரலைத் தெரியும்.

சித்தியிடம் ஒரு சட்டம் இருந்தது. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எவரும் 'போறன்' என்று சொல்லக்கூடாது. 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சுருக்குவார்கள். தமிழர் வீடுகளில் இது பொதுவான வழக்கம்தான். சித்தி அதைப் பொலிஸ் சட்டமாக நடத்தினார். நான் ஜெர்மனில் 'ச்சூஸ்' என்று கத்திவிட்டு மூன்றாம் மாடிப் படிகளில் பாதி இறங்கியிருப்பேன். மேலிருந்து, "என்ன சொல்லவேணும்?" என்று குரல் வரும். அண்ணாந்து பார்த்து அந்த இரண்டு சொல்லையும் சொன்ன பிறகுதான் கதவு மூடும் சத்தம் கேட்கும். எனக்கு அதன் அர்த்தமே நெடுங்காலம் விளங்கவில்லை. நான் இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'போட்டு' என்றால் சட்டை போட்டு, கீழே போட்டு என்றுதான் படித்திருந்தேன். அப்படியென்றால் இவர்கள் எதையோ போட்டுவிட்டு வருகிறேன் என்றல்லவா சொல்கிறார்கள்? சித்தி வெளியே போன பிறகு, எதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று வாசலில் குனிந்து தேடியிருக்கிறேன். ஒருநாள் உண்மையிலேயே ஒரு கையுறை கிடந்தது. அன்றோடு எனக்கிருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

இனி அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய ஸ்கொட்லாந்து நாட்டுப்பாடல். மலையடிக் கிராமத்துப் பெண் ஒருத்தி கடல் கடந்து போகிறாள். முதற் சரணத்தில் ஆற்றிடம் விடைபெறுகிறாள், இரண்டாவதில் ஆட்டுப்பட்டியிடம், மூன்றாவதில் தாயிடம். ஒவ்வொன்றும் நான் போகிறேன் என்ற சொல்லோடு முடியும். இந்த மெட்டுக்குப் பியானோவும் வயலினும் செலோவும் எழுதிச் சேர்த்தவர் வியன்னாவில் வாழ்ந்த பெரிய இசையமைப்பாளர் ஒருவர். ஸ்கொட்லாந்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. எடின்பரோவிலிருந்து ஒரு பதிப்பாளர் மெட்டுகளை மட்டும் அனுப்பிவைப்பார். பாட்டின் சொற்கள் வராது. சொல் தெரியாமல் எப்படி எழுதுவது, அனுப்பித் தொலையுங்கள் என்று இவர் கேட்டுக் கேட்டு, கடைசியில் தெரியாமலேயே எழுதிக் கொடுத்தார். அதனால்தானோ என்னவோ, பாட்டு அழுதுகொண்டிருக்கும்போது பியானோ கல்யாணவீட்டுக்கு வெளிக்கிட்ட சனம் மாதிரித் துள்ளுகிறது. தொடக்கத்தில் வாத்தியங்கள் மட்டும் சிறிது நேரம் மெட்டை வாசிக்கும். பாட்டு முடிந்து, பெண் போன பிறகு, அதே மெட்டு வாத்தியங்களில் மறுபடி வரும்.

நான் இசைப்பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், பாடகர் குழுத் தலைவி இந்தப் பாட்டை வசந்தகாலக் கச்சேரிக்கு எடுத்தார். அவருக்கு ஒரு யோசனை. எழுதியவருக்கே சொல் தெரியாது என்றால், எந்த மொழிச் சொல்லும் இந்த இசைக்கு அந்நியமில்லை. ஆகவே முதற் சரணம் மூல மொழியில், இரண்டாவது ஜெர்மனில், மூன்றாவது தமிழில். தமிழைச் சித்தி தனியாகப் பாடவேண்டும், பியானோ நான். மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. அகராதியும் கையுமாக இரண்டு வாரம் இருந்தேன். தமிழ்ப் பள்ளியில் பரிசு வாங்கியவள் என்ற திமிர் வேறு. சரணம் முடிகிற கடைசி மூன்று சுரத்துக்கு 'போகிறேன்' என்ற சொல் வந்து உட்கார்ந்த நாளில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. போ, கி, றேன். நீளம், குறுக்கம், நீளம். தைத்துவைத்த சட்டைபோல அளவாக இருந்தது.

சித்தி சமையலறையில் வைத்து வாசித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"எல்லாம் வடிவாயிருக்கு. இது மட்டும் சரியில்லை. போறன் எண்டு நான் பாடமாட்டன்."

"சித்தி, அது போறன் இல்லை. போகிறேன். எழுத்துத் தமிழ்."

"போறனுக்குச் சாறி கட்டி விட்டாப்போலை அது வேறையே ஆகும்? போட்டு வாறன் எண்டு போடு."

"அவள் திரும்பி வரமாட்டாள். பாட்டே அதுதானே!"

"அது உனக்கெப்பிடித் தெரியும்?"

"பாட்டு முடியுது. அவள் வரேல்லை. எல்லாருக்கும் தெரியும்."

"பாட்டுக்குள்ளை நிண்டு பாடுறவளுக்குத் தெரியுமோ?"

சித்தி அதோடு விடவில்லை. "இந்தச் சனமே வெளிக்கிடேக்கை ஊஃப் வீடர்லுகே எண்டுதானே சொல்லுதுகள்? திரும்பவும் பாப்பம் எண்டுதானே அதுக்கு அர்த்தம்? சுவிஸ்காரனே போறன் எண்டு சொல்லேல்லை. நான் சொல்லோணுமோ?" எனக்குக் கோபம் வந்தது. இது மூடநம்பிக்கை, மூலத்துக்குச் செய்கிற துரோகம், அதோடு போட், டு, வா, றன் என்ற நான்கு தட்டு மூன்று சுரத்துக்குள் நுழையாது என்று சொன்னேன். அப்படிப் பாட ஏலாதென்றால் வேறு யாராவது பாடட்டும் என்றும் சொல்லிவிட்டேன். சித்தி என் 'போகிறேன்'மேல் அழிப்பானை வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். தாள் மெலிந்தது அப்போதுதான்.

இரண்டு வாரம் நாங்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. ஒத்திகை நாள் வந்தது. மத்தியானம், ட்ராம் நிறுத்தத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு தாய் தன் மகளை ட்ராமில் ஏற்றிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துக்கொண்டே இருந்தாள். ட்ராம் புறப்படுகிற மாதிரித் தெரியவில்லை. உள்ளே இருந்தவள் வெட்கப்பட்டுத் தன் தொலைபேசியைப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், சித்தி சொன்னார்.

சித்திக்கு இங்கே வர விருப்பமிருக்கவில்லை. சண்டைக்காலம், வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளையை வைத்திருக்கப் பயம் என்று சொல்லி, பாசலில் இருந்த ஒரு மாப்பிள்ளையைப் பேசி அனுப்பிவைத்தது அவருடைய தாய்தான். புறப்பட்ட அன்று ஏற்றிப்போக வான் வண்டி வந்து ஒழுங்கையில் நின்றது. "நான் அம்மாவோடை கதைக்கேல்லை. பையைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போய், என்னைக் கலைக்கிறியள்தானே, நான் போறன் எண்டன். அம்மா பின்னாலை வந்து, போட்டு வாறன் எண்டு சொல்லு பிள்ளை எண்டவ. ரெண்டு தரம் சொன்னவ. நான் ஏறி இருந்திட்டன்." மாப்பிள்ளை விஷயம் சரிவரவில்லை. அகதி விண்ணப்பம் இழுபட்டது. கையில் கொடுத்த பெர்மிட்டில் வேலை செய்யலாம், ஊருக்குப் போகமுடியாது. கடிதம் எழுதினார்; தாயும் எழுதினார். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், மிச்சம் நீ வந்த பிறகு கதைப்போம் என்று இருக்குமாம். வந்த நான்காம் வருடம் தாய் இறந்த செய்தி வந்தது. "மன்னிப்பெல்லாம் கடிதத்திலை கேட்டிட்டன், பிள்ளை. ஆனா அந்தச் சொல்லு வாயாலை சொல்லுற சொல்லு. அதை எழுத ஏலாது."

எதிர் ட்ராம் போய்விட்டது. எங்களுடையது வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னியுங்கள் சித்தி என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பையைத் திறந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். ட்ராம் ஆடிய ஆட்டத்தில், தேய்ந்த இடத்தின்மேல், 'போட்டு வாறன்' என்று கோணலாக எழுதினார். எழுதி முடித்தபிறகு தன் சமாதானத்துக்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தார். "பியானோ எழுதினவருக்குச் சொல்லு வரேல்லை எண்டு நீதானே சொன்னனி? சொல்லு வராதபடியாத்தான் மனுசன் சரியா எழுதியிருக்கிறார். அவள் போனாப் பிறகு அந்த மெட்டுத் திரும்பி வருதோ இல்லையோ?" இசைக்கல்லூரியில் இத்தனை வருடம் படித்தும் நான் அதை அப்படிக் கேட்டதில்லை.

ஒத்திகையில் அது சொதப்பியது. சித்தியின் நான்கு தட்டு நான் கணக்குப் போட்டபடியே மூன்று சுரத்துக்குள் அடங்கவில்லை. அவர் 'வா' என்ற இடத்தில் நிற்கும்போது நாங்கள் வாத்திய மெட்டுக்குப் போய்விட்டோம். இரண்டாம் முறையும் அதே மோதல். மூன்றாம் முறை குழுத் தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி நான் எழுதிக் கொடுத்த எழுத்துச் சுரத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தார். வாழ்நாளில் அவர் இறங்கிப்போன சந்தர்ப்பங்கள் குறைவு. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதுதான் செலோக்காரர் வாயைத் திறந்தார். ஓய்வுபெறும்வரை பாசலில் ட்ராம் ஓட்டியவர். அதிகம் கதைக்காத மனிதர். அந்தப் பெண்மணி சொல்கிற கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தன் பாசல் ஜெர்மனில் கேட்டார். போகிறேன், ஆனால் வருவேன் என்று சொன்னேன். அவர், ட்ராம் ஓட்டிய நாட்களில், பின்பக்கத்துக் கண்ணாடியில் ஒரு ஆள் ஓடி வருவது தெரிந்தால் ஒருநாளும் கதவை மூடியதில்லை என்றார். அட்டவணை எங்கே ஓடிவிடப்போகிறது, ஒரு மூச்சு நேரம் நிற்கலாம், அடுத்த நிறுத்தத்துக்குள் பிடித்துவிடலாம். அவ்வளவுதான். நான்காம் முறை நாங்கள் நின்றோம். சித்தி ஏறிக்கொண்டார்.

கச்சேரியன்று நீலச் சாறி, அதன்மேல் குளிருக்குக் கம்பளிச் சட்டை. தமிழ்ச் சரணம் தொடங்கியதும் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்ததை என் முதுகால் உணர்ந்தேன். அந்தச் சொல் வந்தது. போட்டு. பியானோ, வயலின், செலோ, நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வாறன். சித்தி அதைச் சபையைப் பார்த்துப் பாடவில்லை. மண்டபத்தின் வாசற்கதவைப் பார்த்துப் பாடினார். குரல் நடுங்கவில்லை. பாட்டு முடிந்தது என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் கைதட்டப் போனார். சித்தி, வேலைத்தளத்தில் ஈரத் தரையில் கால் வைக்க வருபவரை மறிப்பதுபோல, உள்ளங்கையை நீட்டி மறித்தார். பியானோவில் மெட்டு வரும்வரை, வந்து முடியும்வரை, கையை இறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கும் சத்தத்தில், "பார், வந்திட்டுது" என்றார். சபை சிரித்துக்கொண்டே கைதட்டியது. வீட்டுக்குப் போகும் வழியில் ட்ராமில் என் தோளில் சாய்ந்து நித்திரையானார். அப்படி நிம்மதியாக அவர் தூங்கி நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பாட்டைப் பாடினோம். சபை விருந்துகளில், ஒருவரின் ஓய்வு விழாவில், ஒரு கல்யாணத்தில்கூட. என் விரல்கள் அந்த இடத்தில் நின்று போகப் பழகிவிட்டன. பிறகு சித்தி வருத்தமாகிப் படுக்கையில் விழுந்தார். வைத்தியசாலையில் இருந்த கடைசி மாதத்தில் நான் ஒவ்வொரு மாலையும் போவேன். கடைசி மாலை எனக்கு ஒரு மாணவனின் பாடம் இருந்தது, பிந்திவிட்டது. சித்தி கண்ணை மூடியிருந்தார். "ச்சாவ் சித்தி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். லிஃப்ட் வந்து கதவு திறந்தபோது, மேலேயிருந்து எட்டிப் பார்த்து "என்ன சொல்லவேணும்?" என்று கேட்க ஆளில்லையே என்று உறைத்தது. திரும்பி நடந்தேன். படுக்கையருகில் போய், "போட்டு வாறன், சித்தி" என்றேன். கண்ணைத் திறந்தார். "ஓம். கவனமாப் போட்டு வா" என்றார். விடியற்காலை தொலைபேசி வந்தது. விடைபெற்றது நான், போனது அவர். அந்த ஒரு தடவையாவது திரும்பி நடந்தேனே என்று இன்றைக்கும் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். இருந்தாலும் சில நாட்களில் எனக்குச் சித்தி வேண்டும்போல் இருக்கிறது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தேநீர் முடிந்தது. பாடகி மூல மொழியில்தான் மூன்று சரணத்தையும் பாடுகிறாள். மூன்று சுரத்துக்கு மூன்று தட்டு. அவளுக்குக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை. அது அவளுடைய பாட்டு, அவளுடைய கச்சேரி. நான் பிரதியில் பென்சில் எழுத்து இருந்த இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்து, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு வாசித்தேன். முதற் சரணம், இரண்டாம் சரணம். மூன்றாம் சரணத்தின் கடைசிச் சொல்லில் பல்லைக் கடித்துக்கொண்டு, தாளில் உள்ளபடியே, நிற்காமல் கடந்தேன். பாடகியும் வயலினும் நானும் சரியாக ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். செலோ வரவில்லை. ஒரு மூச்சு நேரம் பிந்தித்தான் வந்தது.

பாடகி இம்முறை அவர் பக்கம் திரும்பினாள். "இங்கே தாமதம் ஒன்றும் இல்லையே" என்றாள், அதே மரியாதையோடு.

செலோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்" என்றார். "ஆனால் அந்த இடத்தில் ஒருவர் ஏறவேண்டியிருக்கிறது."

நான் துண்டுக் காகிதத்தை எடுத்தேன். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. எதைப் போட்டுவிட்டுப் போகிறார் என்று சின்ன வயதில் வாசலில் குனிந்து தேடியது நினைவுக்கு வந்தது. பாடகி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு, "சரி, நானும் நிற்கிறேன். எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். ஒரு மூச்சு நேரம் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.